பாய் கையைத் தூக்கி நின்ற பதினோரு நிமிடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் படிப்பதற்காக, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நான்கு பக்கம் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். எல்லாரும் கம்பெனியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரே கம்பெனியை இத்தனை பேர் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. நான் யாரையும் காப்பாற்றவில்லை. நான் ஒரு மனிதரைப் பேசவிடாமல் செய்தேன். பிறகு அவரிடமே பொய் சொன்னேன். இதில் விசேஷம், அன்றைக்குத்தான் என் வேலைக்கு முதல்தடவையாகப் பாராட்டு கிடைத்தது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனி வெந்நீர் பம்ப் செய்கிறது, அது உங்களுக்குத் தெரியும். அலுவலகம் தி. நகரில், பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில், பழைய சரக்குக் கிடங்கு பாலவாக்கத்தில், வாடிக்கையாளர்கள் ஊர் ஊராக. இத்தனை பேரையும் வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் ஒன்றாகச் சேர்த்துப் பேச வைக்க வேண்டும். ஒருவர் பேசுவது மற்றவர்களுக்கு இடையூறு இல்லாமல் கேட்க வேண்டும். நான் இயற்பியலில் முதுகலை படித்தவன் என்பதால் ஒலியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று மேலிடம் நம்பியது. கொஞ்ச நாளில் நானும் நம்ப ஆரம்பித்தேன்.

கருவிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் கற்றவை இப்போது பழசாகிவிட்டன. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து பேசாதீர்கள். ஒரே அறையில் இரண்டு பேர் ஸ்பீக்கரைப் போடாதீர்கள், ஊளையிடும். மேஜையில் பேனாவால் தட்டும் அதிகாரியிடம் பேனாவைக் கடன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தராதீர்கள். மற்றதெல்லாம் மனிதர்களைப் பற்றியது.

மியூட் பொத்தான் என் கைக்கு வருவதற்கு முன்பு நடந்தது ஒன்று.

நம் பழைய கான்பரன்ஸ் அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடை இருந்தது. ஆடி மாதம் பிறந்தால் வாசலில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அவர் குரல் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறி வரும். கோயம்புத்தூரில் பல ஹோட்டல்கள் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் அன்றைக்கு லைனில் இருந்தார். நம் மேலாளர் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது என்று சொல்லி முடித்த அந்த நொடியில், கீழேயிருந்து, “எதை எடுத்தாலும் முப்பது பர்சென்ட் தள்ளுபடி! வாங்கம்மா, வாங்க!” என்று குரல் வந்தது.

கோயம்புத்தூர்க்காரர் நிதானமாகச் சொன்னார்: “ஏனுங்க, முப்பதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. நான் குறிச்சுக்கிட்டேனுங்க.”

நான் கோபத்தோடு படியிறங்கிப் போனேன். மைக்கைப் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு, கையில் சோடா பாட்டில். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா சார் பேசற? நான் வாய மூடினா என் பொழப்பு இன்னாவறது?” என்றார்.

“மேல முக்கியமான மீட்டிங் நடக்குதுங்க.”

“இங்க இன்னா விளையாடிக்கினா கீறோம்? நீ வந்தியே, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ஜெனரேட்டர் எங்க கீது? என் தலைக்கு மேல கீது. கரண்டு போச்சுன்னா அது கத்தற கத்தல்ல என் வாய்ஸ் அடி வாங்குது. ஒரு நாளாவது மேல வந்து கேட்டேனா?”

நாங்கள் யாருக்காவது சத்தமாக இருப்போம் என்று நான் நினைத்ததே இல்லை. அங்கேயே நின்று பேசித் தீர்த்தோம். நான் ஜன்னலில் மஞ்சள் துணியைத் தொங்கவிட்டால் அவர் சோடா குடிக்கப் போவார். அவர் பக்கம் மாலைக் கூட்டம் நெரியும்போது நாங்கள் ஜெனரேட்டரைப் போடாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஆடி முழுவதும் இந்த ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் மீறவில்லை. மஞ்சள் துணியைப் பார்த்ததும், “அஞ்சு நிமிசம் பொறுங்கம்மா, மாடில சார் பேசறாரு!” என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டுப் போவார். அதுவும் கோயம்புத்தூருக்குக் கேட்கும். ஆனால் அது சின்ன விஷயம்.

அன்றைக்குக் கற்ற பாடத்தை நான் அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. சத்தத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், இறங்கிப் போய் அவரிடம் பேச வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் ஊரடங்கு வந்தது. பட்டறை தவிர எல்லாரும் வீட்டிலிருந்து பேச ஆரம்பித்தார்கள், ஊரடங்கு தளர்ந்த பிறகும் அதுவே தொடர்ந்தது. கணினியில் கூட்டத்தை நடத்தும் பொறுப்பும், யார் வாயையும் மூடித் திறக்கும் பொத்தானும் என்னிடம் வந்தன. படியிறங்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

நான் முதலில் மூடிய வாய் நம் நிர்வாக இயக்குநருடையது.

மேடத்தின் வீடு மயிலாப்பூரில். சமையல் அவருடைய கணவர் பொறுப்பு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். குக்கரை அடுப்பில் ஏற்றுவதற்கும் நம் கூட்டம் சூடு பிடிப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை மேடம் முக்கியமாக ஏதோ சொல்லத் தொடங்கியபோது விசில் வந்தது. பின்னாலேயே, “உப்பை எங்கம்மா வெச்சே?” என்று ஒரு குரல்.

“நான் மீட்டிங்ல பேசிண்டிருக்கேன்னு எத்தனை தடவை சொல்றது!” என்றார் மேடம்.

விசில் போகட்டும் என்று லைனை மூடினேன். மூன்று விசில். பிறகு திறக்க மறந்துவிட்டேன். மேடம் ஆறு நிமிடம் பேசினார். திறந்தபோது எங்களுக்குக் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: “எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

லைனில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும், “புரிஞ்சுது மேடம்” என்றோம். கோயம்புத்தூர்க்காரர், “நல்லாப் புரிஞ்சுதுங்க” என்றார்.

அடுத்த வாரம் மேடம், “நான் சொன்னபடி பண்ணியாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு மேடம்” என்றோம். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கம்பெனி நன்றாகத்தான் ஓடியது. அதனால் எனக்குப் பயம் போய், தைரியம் வந்துவிட்டது. அலுவலகத்தில் என்னை ‘மியூட் மாமா’ என்று சின்னவர்கள் சொல்லுவது காதில் விழும். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

இனி ஜபார் பாய்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். செய்து முடித்த ஒவ்வொரு பம்பையும் தட்டிப் பார்த்து, சரி என்று அவர் சொன்னால்தான் வெளியே போகும். இருபத்து மூன்று வருடம் அந்த வேலை. கூட்டத்தில் அவர் லைனைத் திறந்தால் கடைசல் இயந்திரங்களின் கீச்சொலி காதைத் துளைக்கும். ஒருமுறை கோயம்புத்தூர்க்காரர் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அன்றிலிருந்து பாயின் லைனை நான் மூடியே வைத்திருப்பேன்.

இதற்கு நேர் எதிர், கொள்முதல் அதிகாரி. அடையாறில் அடுக்குமாடி வீடு. ஒரு அறையில் கனத்த திரை, தரையில் விரிப்பு, கதவிடுக்கில் துணி. அவர் பேசினால் வானொலியில் செய்தி வாசிப்பது போலிருக்கும். குரலில் ஒரு தூசி இருக்காது. நான் புதியவர்களிடம் அவரைத்தான் உதாரணமாகச் சொல்லுவேன். நல்ல மனிதர்தான். ஆனால் இப்போது யோசித்தால், அவர் சொன்னவற்றில் பாதியை அவர் குரலுக்காகத்தான் நம்பினோம் என்று தோன்றுகிறது.

கோயம்புத்தூர் ஹோட்டல்களுக்குப் போன பம்புகள் ஒழுகின. அறுபது பம்ப். குளிக்கப் போனவர்கள் பாதியில் சோப்போடு வெளியே வந்து சண்டை போட்டார்களாம். அந்த வியாழக்கிழமை கூட்டம், தவறு யாருடையது என்று முடிவு செய்வதற்காக. கொள்முதல் அதிகாரி புதிதாக ஒரு இடத்தில் ரப்பர் வாஷர் வாங்கியிருந்தார். பட்டறையில் சரியாக முறுக்கவில்லை என்பது அவர் கட்சி. பட்டறையில் தவறு என்று முடிவானால் ஜபார் பாய் அந்த இடத்தில் இருக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும்.

அன்றைக்கு ஒரு சத்தம்கூட வரக்கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். முதல் நாளே பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “உங்க லைன் மூடித்தான் இருக்கும் பாய். பேசணும்னா வீடியோவுல கையைத் தூக்கிக் காட்டுங்க. நான் பார்த்துத் திறந்துவிடுறேன்.”

“சரி சார். கை தூக்கறேன்.”

கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இணையம் திணறியது. குரல்கள் விட்டுவிட்டு வந்தன. இப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். படத்தை நிறுத்தினால் குரலுக்கு வழி கிடைக்கும். எல்லாருடைய வீடியோவையும் என் பக்கத்திலிருந்தே நிறுத்தினேன். குரல்கள் கண்ணாடி மாதிரி தெளிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் எல்லாரும் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. பேச வேண்டுமானால் கையைக் காட்டு என்பது ஒரு விதி. கையைக் காட்ட முடியாதபடி படத்தை நிறுத்து என்பது இன்னொரு விதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அருமையான விதிகள்.

கொள்முதல் அதிகாரி தெளிவாக, அழகாக, ‘பட்டறையில் கவனக்குறைவு’ என்று சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மேடம், “பாய், நீங்க சொல்லுங்கோ” என்றார். நான் பாயின் கையைத் தேடினேன். திரையில் அவர் பெயர் எழுதிய கறுப்புக் கட்டம் மட்டும் இருந்தது. லைனைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரே ஒரு பொத்தான். ஆனால் அந்தக் கீச்சொலி வந்துவிடுமே என்று கை நின்றது. மூன்று விநாடி காத்திருந்தேன். பிறகு மேடத்துக்கு மட்டும் போகும்படி ஒரு வரி தட்டச்சு செய்தேன்: ‘பாய்க்குச் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது.’

கொள்முதல் அதிகாரி மேலே தொடர்ந்தார். கடைசியில் மேடம், “சரி, எல்லாரும் பேசினதையும் கேட்டாச்சு. அடையாறு சார் சொல்றபடியே பண்ணிடலாம். பாய் கொஞ்ச நாள் பாலவாக்கம் கிடங்கைப் பார்த்துக்கட்டும்” என்று முடித்தார்.

வணக்கம் சொல்வதற்காக எல்லாருடைய படத்தையும் மறுபடி திறந்துவிட்டேன். ஈக்காட்டுத்தாங்கல் தெரிந்தது. எண்ணெய் டின் மேல் சாய்த்து வைத்த போன் போலிருக்கிறது, படம் சற்றுச் சாய்வாக இருந்தது. பாய் வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றார். இடது கை அந்தக் கையின் முழங்கையைத் தாங்கியிருந்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் ஓய்ந்து கிடந்த இயந்திரங்களின் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள்.

அந்தப் பட்டறையில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். மேற்பார்வையாளர் கையைத் தூக்கினால் எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும். கை இறங்கினால்தான் மறுபடி ஓடும். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைக் கேட்டதும் பாய் கையைத் தூக்கியிருக்கிறார். பட்டறை நின்றது. மேடம், “சொல்லுங்கோ” என்றதும் பேசியிருக்கிறார். இயந்திரங்கள் மறுபடி ஓடிவிடக் கூடாது என்று, பேசி முடித்த பிறகும் கையை இறக்கவில்லை. பதிவைப் பிறகு போட்டுக் கணக்குப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அன்றைக்கு நம் கூட்டத்திலேயே சத்தமில்லாத இடம் ஈக்காட்டுத்தாங்கல்தான். அதைத்தான் நான் சத்தத்துக்காக மூடி வைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் இரண்டு செய்தி ஒன்றாக வந்தது. ஒன்று மேடத்திடமிருந்து: ‘இன்னிக்குத்தான் ஒரு இடைஞ்சலும் இல்லாம நடந்தது. பேஷ்.’ இன்னொன்று பாயின் போன்.

“சார், நான் பேசினது கேட்டுச்சா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். லைனை மூடியிருந்தேன் பாய், ஒரு சொல்லும் கேட்கவில்லை, இதோ மேடத்திடம் சொல்கிறேன் என்று. அரை நிமிட வேலை. என் கண் முன்னால் ‘பேஷ்’ என்ற சொல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“கேட்டுச்சு பாய்” என்றேன். அது போதாதென்று, “ரொம்ப க்ளியரா இருந்துச்சு” என்றும் சொன்னேன்.

“அடையாறு சார் குறுக்க குறுக்கப் பேசினாரு. நான் உடலயே!”

“ஆமாம் பாய்.”

“சரி சார். கேட்டுட்டுத்தானே முடிவு பண்ணாங்க. பரவால்ல.”

அவர் பாலவாக்கம் போனார். நான் மூன்று வாரம் சரியாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மறைக்க மாட்டேன். பழகிவிட்ட பொய் தொந்தரவு செய்யாது.

மூன்றாவது வாரம், கிடங்குப் பூட்டை மாற்ற அனுமதி கேட்டு ஒரு கடிதத்தோடு பாய் தி. நகர் வந்தார். என் எதிரே உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“கிடங்கு எப்படி இருக்கு பாய்?”

“சத்தமே இல்ல சார். கடல்காத்து வருது. காது வலிக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“மத்தியானத்துல எதனா விழுந்தா நல்லாருக்கும்னு தோணுது. நானே ஒரு ஸ்பானரைத் தூக்கிக் கீழ போடுவேன்.” கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். “சார், நீங்க படிச்சவரு, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் சொன்னது சரியாத்தான் இருந்துச்சா? வீட்ல பொண்ணுகிட்ட அதையே திரும்பச் சொல்லிக் காட்டினேன். ‘வாப்பா, இவ்ளோ நீட்டினா யார் கேப்பாங்க, சுருக்கமாச் சொல்லணும்’னுது. இப்ப ரெண்டு நிமிசத்துல சொல்ற மாதிரி பழகி வெச்சிக்கிறேன். அடுத்த வாட்டி கேட்டா சட்டுனு சொல்லிடுவேன். அன்னிக்கு நாந்தான் சொதப்பிட்டேன், இல்ல?”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. அவர் யாரையும் குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என்னைச் சந்தேகித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். எல்லாரும் கேட்டார்கள், தன் பேச்சுத்தான் எடுபடவில்லை என்று நம்பி, வீட்டில் பெண்ணின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார வியாழக்கிழமைக் கூட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். மாற்றி அனுப்பிய பம்புகளும் ஒழுகின. கொள்முதல் அதிகாரி தூசியில்லாத குரலில், பட்டறைக்கு இன்னும் பயிற்சி தேவை என்றார். பாய் பட்டறையிலேயே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “மேடம், ஒரு விஷயம் சொல்லணும்” என்று தொடங்கினேன். பாயின் லைனை மூடி வைத்தது, படத்தை நிறுத்தியது, நான் அனுப்பிய ஒரு வரி, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் சொன்னதில்லை. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் சொன்னார்: “ஏனுங்க, உங்க வாய் மட்டும் அசையுதுங்க. ஒண்ணும் கேக்கலீங்க.”

வழக்கம்போல எல்லா லைனையும் மூடியபோது என்னுடையதையும் சேர்த்து மூடியிருந்தேன்.

திறந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சுருக்கமாக வந்தது. பாயின் பெண் சொன்னது சரிதான்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அப்போது மயிலாப்பூரிலிருந்து குக்கர் விசில் வந்தது. என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். இன்னொரு விசில். “ரெண்டு ஆச்சு, அணைக்கட்டுமா?” என்று அவர் கணவர் கேட்டார்.

“அணைச்சுடுங்கோன்னா” என்றார் மேடம். பிறகு என்னிடம்: “அன்னிக்கு ஒருநாள் குக்கர் கத்தித்தே. அப்புறம் நான் பேசினேனே, அது?”

“அதுவும் கேக்கல மேடம்.”

“புரிஞ்சுதுன்னேளே!”

“எனக்கும் கேக்கலீங்க” என்றார் கோயம்புத்தூர்க்காரர். “அப்பவே சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க.” ஒவ்வொருவராகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு என்ன சொன்னோம் என்று மேடம் யோசித்துப் பார்த்தார். அவருக்கே நினைவில்லை.

“பாயைக் கூப்பிடுங்கோ” என்றார்.

பாலவாக்கத்துக்குப் போன் போட்டு லைனில் சேர்த்தேன். நடந்ததை மேடமே அவரிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை. நான் மூடவில்லை. அது பாயின் அமைதி.

“மேடம், அன்னிக்குச் சொன்னதையே சொல்லட்டா, இப்ப பழகினதைச் சொல்லட்டா?” என்று கேட்டார்.

“அன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்கோ பாய். நான் அதைக் கேக்கல.”

சொன்னார். புது வாஷர் வந்த அன்றே அவருக்குச் சந்தேகம். ஆனால் பம்பைத் தட்டிப் பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை. ஒழுகுகிறது என்று செய்தி வந்ததும் ஒன்றை எடுத்துப் பட்டறையின் டீ பாத்திரத்தில் போட்டு அரை மணி கொதிக்க வைத்தார். வெளியே எடுத்து வளைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. பழைய வாஷர் எவ்வளவு கொதித்தாலும் வளையும். “ஒரு வாரம் டீ ரப்பர் நாத்தம் அடிச்சிது மேடம். பசங்க எங்கிட்ட சண்டைக்கு வந்தானுங்க. பாத்திரம் அங்கயேதான் கீது, யார் வேணா மோந்து பாக்கலாம்.”

கொள்முதல் அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாதாடவில்லை. “நானே பண்ணிப் பாக்கறேன்” என்றார். அன்று சாயங்காலமே தன் வீட்டுச் சமையலறையில் ஒரு வாஷரைக் கொதிக்க வைத்தார். மறுநாள் அடையாறிலும் காபி ரப்பர் மணம் வீசியதாகவும், அவர் மனைவி இரண்டு நாள் பேசவில்லை என்றும் கேள்வி.

பாய் பட்டறைக்குத் திரும்பினார். அவருக்கு முதல் மரியாதையாக ஒரு புதிய டீ பாத்திரம் வாங்கிக் கொடுக்கப்பட்டது. எனக்கு மேடம் கொடுத்த தண்டனையும் உடனே அமலுக்கு வந்தது. பொத்தான் வேறு ஒருவர் கைக்குப் போனது. வியாழக்கிழமைதோறும் நான் ஈக்காட்டுத்தாங்கல் போய், பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வியாழன் அவர் என்னோடு பேசவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். இரண்டாவது வியாழனும் அப்படியே. மூன்றாவது வியாழன் கூட்டம் முடிந்ததும் சொன்னார்.

“கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே சார். நான் இன்னொரு வாட்டி சொல்லியிருப்பேன். எனக்கு இன்னா கஷ்டம்?”

அந்த மூன்று வாரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதை அவரும் கேட்கவில்லை. கிடங்கில் அவர் ஸ்பானரைக் கீழே போட்டுக்கொண்டிருந்த மத்தியானங்களை நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது நினைத்திருக்க வேண்டும்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் என் தொழிலைக் கற்றேன். பேச வேண்டிய நேரம் வந்தால் பாய் கையைத் தூக்குவார். பட்டறை நிற்கும். பேசுவார். கையை இறக்குவார். பட்டறை ஓடும். சத்தத்தைக் குறைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கருவியிலும் பார்த்ததில்லை. அது இருபத்து மூன்று வருடமாக அங்கேயே இருந்தது. நான் ஒருநாள் போய், ‘இந்தச் சத்தத்தில் நீங்களெல்லாம் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் போதும். ஜவுளிக்கடைக்காரரிடம் படியிறங்கிப் போன கால்கள்தானே இவை.

உங்களிடம் இப்போது இருக்கும் கருவிகள் குக்கரையும் கடைசல் இயந்திரத்தையும் தானே வடிகட்டிவிடுகின்றன என்கிறார்கள். நல்லது, பயன்படுத்துங்கள். ஆனால் யாராவது, “கேட்டுச்சா?” என்று உங்களிடம் கேட்டால், அதற்கு மட்டும் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘பேஷ்’ பின்னால் எப்போதாவது வரும், வராமலும் போகும்.

பாய் இன்னும் வேலையில் இருக்கிறார். நங்கநல்லூரில் என் வீட்டுக்கு வாரம் ஒருமுறை அவரிடமிருந்து போன் வரும், பட்டறைக்குள்ளிருந்தே. எனக்காகக் கையைத் தூக்கி இயந்திரங்களை நிறுத்தமாட்டார், அது வேலைக்கு மட்டும். போன வாரமும் வந்தது. கீச்சொலிக்கு நடுவே என்னவோ சொன்னார்.

“கேக்கல பாய்” என்றேன்.

மறுபடி சொன்னார்.

“கேக்கல பாய், இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

மூன்றாவது தடவை அவர் கத்தியது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“சாப்ட்டீங்களான்னு கேட்டேன் சார்!”